நான் தப்பவிட்ட கெளுத்திகள்

1

இந்த அக்டோபரோடு நான் நார்வேக்கு வந்து பத்து வருடம் முடிகிறது. வந்த மாதமே வேலைக்குச் சேர்ந்துவிட்டதால் கம்பெனியிலும் அதே பத்து வருடம். அதைப் பாராட்டி மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் என் கையைக் குலுக்கி, சிவப்பு ரிப்பன் கட்டிய நீளமான பெட்டி ஒன்றைக் கொடுத்தார். திறந்தேன். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே ஒரு முழு சால்மன் மீன் என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

அந்தக் கம்பெனியில் என் வேலை, சால்மன் மீனின் சதையிலிருந்து முள் பிடுங்குவது. பத்து வருடமாக, ஒரு கையில் இடுக்கியோடு, நாள் முழுக்க அதுதான். புடவைக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு புடவை கொடுத்தால் நியாயம். இது பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு பல்லைப் பரிசாகக் கொடுத்த மாதிரி இருந்தது. இருந்தாலும் சிரித்தேன். நன்றி என்றேன். இந்த ஊரில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய சொல் அது. கடைசி வரை உதவுகிற சொல்லும் அதுதான்.

என் பெயர் கலா. பிறந்து வளர்ந்தது பட்டாபிராமில், ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கிற பழைய தெருவில். எங்கள் குடும்பம் அங்கே பல தலைமுறையாகப் பயிர் வைத்தது. பிறகு நிலத்தை மனை போட்டு விற்றது. மிச்சம் இருந்த துண்டில் செங்கல் சூளைக்காரர்கள் மண் எடுத்துவிட்டுப் போக, கடைசியில் எங்களுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பெரிய பள்ளம்தான் இருந்தது. என் கணவர் ரவி யாழ்ப்பாணத்துக்காரர். எண்பத்து மூன்றுக்குப் பிறகு தப்பி வந்து, மண்ணூர்பேட்டையில் ஒரு மாடி அறையில் தங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் என் அண்ணன் தேவராஜ் வேலை பார்த்த லேத் பட்டறையில் சேர்ந்தவர். அண்ணன் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு அழைத்து வந்தான். குழம்போடு நிறுத்தியிருக்கலாம். அவர் என்னையும் சேர்த்துக் கேட்டுவிட்டார். எங்கள் மகள் மாலினி கைக்குழந்தையாக இருக்கும்போது இந்த வட நார்வேத் துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தோம். அவளுக்கு இப்போது பதினோரு வயது.

மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தேன். மாலினி பள்ளியிலிருந்து வந்தாள். மீனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"நான் இதைச் சாப்பிட மாட்டன், அம்மா."

அவள் பேசுகிற தமிழ் அப்பாவிடமிருந்து வந்தது. என் தமிழ் அவளுக்கு வேடிக்கை. "ஏன், காரமா வறுத்துத் தரேன்," என்றேன்.

"காரம் இல்லை பிரச்சினை. இது கடலைக் கெடுக்குது."

2

விஷயம் இதுதான். பள்ளியில் ஆசிரியை, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டார் செய்யும் வேலையைப் பற்றி ஒரு பெரிய அட்டை தயாரித்து வரச் சொல்லியிருக்கிறார். மாலினி நூலகத்துக்குப் போய்ப் படித்திருக்கிறாள். படித்ததை எல்லாம் சாப்பாட்டு மேசையில் எங்கள் மேல் கொட்டினாள். கடலில் மிதக்கும் பெரிய வலைக் கூண்டுகளுக்குள்தான் சால்மனை வளர்க்கிறார்கள். தின்னாமல் விழுந்த தீவனமும் மீன்களின் கழிவும் அடியில் போய்ப் படிந்து, அங்கே இருந்த புழு, சிப்பி எல்லாம் மூச்சு முட்டிச் சாகின்றன. கூண்டில் நெருக்கி வைத்த மீன்களுக்குக் கடல் பேன் பிடிக்கிறது. அந்தப் பேன் வெளியே சுதந்திரமாகப் போகிற காட்டு சால்மன் குஞ்சுகளின் மேல் ஏறிவிடுகிறது. தீவனமோ, எங்கோ தூரத்துக் கடலில் பிடித்த பொடிமீனை அரைத்துச் செய்தது.

"ஒரு மீனை வளர்க்க நிறைய மீனை அரைக்கினம்," என்றாள். "அது கணக்கே இல்லை."

"மீனுக்கும் பேன் வருமா?" என்று ரவி கேட்டார். அவர் மனத்தில் நின்றது அது ஒன்றுதான்.

என் மகளின் கால்சட்டை, குளிர் கோட்டு, பனிச்சறுக்குக் கட்டை எல்லாம் அந்தக் கூண்டு மீன் வாங்கிக் கொடுத்தவைதான். ஆனால் அவள் சொன்னது எதுவும் பொய் இல்லை. முள் பிடுங்குகிற மேசையில் அந்தப் பேன் கடித்த தழும்புகளை நான் தினமும் பார்க்கிறேன்.

போதாக்குறைக்கு, போன மாதம்தான் ஒரு புயலில் கம்பெனியின் கூண்டு ஒன்று கிழிந்தது. அன்று காலையில் ஷிப்ட் தலைவர் கதவைத் திறந்துகொண்டு வந்து "ரொம்மெ" என்று ஏதோ சொன்னார். இந்த மொழியில் புளிக்க வைத்த பாலேட்டுக்கு அதுதான் பெயர். மதியச் சாப்பாட்டில் ஊற்றிக்கொள்வார்கள். எனக்கு வேண்டாம், வயிறு சரியில்லை என்றேன். அவர் என்னை முறைத்தார். தப்பி ஓடுவதற்கும் இவர்கள் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது. பத்து வருடம் ஒரு நாட்டில் இருந்தும், ஒரு கூண்டு மீன் கடலுக்குள் ஓடிய செய்திக்கு நான் சொன்ன பதில், எனக்கு வயிறு சரியில்லை என்பது.

தப்பிய மீனுக்கு இங்கே ஒரு படிவம் உண்டு. எந்தக் கூண்டு, எப்போது கிழிந்தது, எத்தனை மீன், எந்தத் திசையில் போயிருக்கும், பிடிக்க என்ன முயற்சி செய்தீர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறார்கள். இப்போது சாப்பாட்டு மேசையில் அந்தப் படிவத்தைப் பற்றிச் சொன்னபோது ரவி சிரித்தார்.

"என்ர அகதிப் படிவம் இதைவிட நீளம், கலா. எந்தத் திசையில போனனீர் எண்டு என்னையும் கேட்டவங்கள். மீனைத் திரும்பிப் போகச் சொல்லி ஒருத்தரும் கடிதம் போடமாட்டினம். அதுதான் வித்தியாசம்."

மாலினி சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பேட்டி எடுக்கிறவள் போல என்னிடம் கேட்டாள்.

"அம்மா, உங்கட கையால எப்பவாவது மீன் தப்பிப் போயிருக்கா?"

"இல்லை," என்றேன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

ரவி தட்டைப் பார்த்துக்கொண்டு இருமினார்.

3

அண்ணன் பள்ளத்தில் மீன் வளர்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் நான்தான்.

வந்த புதிதில் ஊருக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் கொஞ்சம் பெருமை அடிப்பேன். குளிரையும், இருட்டையும், விரல் மரத்துப் போவதையும் எழுதினால் அண்ணன் வருத்தப்படுவான். அதனால் கம்பெனி வெளியிட்ட காலண்டர் ஒன்றை அனுப்பினேன். பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு படம். நீலக் கடல், பனி மூடிய மலை, நடுவில் வட்ட வட்டமாகக் கூண்டுகள். "இதுபோல ஒரு வட்டத்துக்குள் ஒரு ஊர் சாப்பிடுகிற மீன் இருக்கிறது அண்ணே. இவர்கள் வலை வீசுவதே இல்லை. தீனி போடுவார்கள், அள்ளுவார்கள்" என்று எழுதியிருந்தேன். நான் அந்தக் கூண்டுகளுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். படகில் வாந்தி எடுத்ததால் எதையும் பார்க்கவில்லை. அதை எழுதவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணனின் பட்டறையை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, பின்னால் இருக்கிற பள்ளம் ஞாபகம் வந்திருக்கிறது. யாரோ அவனுக்கு ஆப்பிரிக்கன் கெளுத்திக் குஞ்சு கொண்டுவந்து கொடுத்தார்கள். மீசை வைத்த, வழுவழுப்பான, கறுத்த மீன். சேற்றுத் தண்ணீரிலும் வாழும். தண்ணீர் நாறினால் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும். என்ன போட்டாலும் தின்னும். நான்கைந்து மாதத்தில் முழங்கை நீளத்துக்கு வந்துவிடும். அண்ணன் எழுதியிருந்தான்: "உங்க ஊர் மீனெல்லாம் இதுங்கிட்ட பிச்சை வாங்கணும்."

பள்ளத்தை அடுத்து ஒரு கால்வாய். கால்வாய் போய்ச் சேர்வது ஏரியில். அந்த ஏரியில்தான் கன்னியம்மா அக்கா மீன் பிடித்தாள்.

கன்னியம்மா எங்கள் தெருக்கோடி. கணவன் போன பிறகு, தூண்டில் போட்டே குடும்பத்தை நடத்தினாள். தூண்டில் முள்ளில் தவளையைக் கோத்துப் போட்டால் விரால் மாட்டும். அந்த விராலை உயிரோடு, தண்ணீர் ஊற்றிய அலுமினிய அன்னக்கூடையில் தலையில் வைத்து, தொழிற்சாலை குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோவாள். அங்கே தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருந்தன. கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஏரி மீனா என்று மூக்கைச் சுளிப்பார்கள். அவர்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் ஆனால் மட்டும், புண் ஆற விரால் கேட்டு அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். கன்னியம்மா கேட்பாள்: "இன்னா சார், கடல் வத்திப்பூட்ச்சா?"

4

மூன்று வருடத்துக்கு முன் கோடை விடுமுறையில் மாலினியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். ரவிக்கு லீவு கிடைக்கவில்லை.

ரயிலிலிருந்து இறங்கித் தெருவுக்குள் திரும்பும்போதே நாற்றம் அடித்தது. சாதாரண நாற்றம் இல்லை. அதற்கென்று ஒரு தடிமன் இருந்தது. அண்ணன் தினமும் கோழிக் கடைகளில் இருந்து குடலும் தோலும் இறகுமாக வண்டியில் ஏற்றிவந்து பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தான். கொட்டிய இடத்தில் தண்ணீர் கொதிப்பது போலத் துள்ளியது. நூற்றுக்கணக்கில் கறுத்த வாய்கள். மாலினி என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"பாத்தியாமே," என்றான் அண்ணன் பெருமையாக. "நார்வே."

தண்ணீர் பச்சையும் கறுப்புமாக, மேலே எண்ணெய் ஏடு படிந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் அடிக்கடி நாறுவதாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அண்ணன் எதற்கும் அசரவில்லை. தெருவில் யார் குறை சொன்னாலும் என்னைக் காட்டினான். "என் தங்கச்சி ஃபாரின்ல மீன் கம்பெனில கீது. அத்த கேளு." நானும் பெரிய மனுஷி மாதிரி, ஆக்ஸிஜன் அது இது என்று ஏதோ சொன்னேன். முள் பிடுங்குகிறவள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

நான் போன இரண்டாம் வாரம் மழை பிடித்தது. ஜூன் மாதத்தில் அந்தப் பக்கம் பெய்யவே பெய்யாத மழை. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அண்ணன் தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓடி வந்தான். பள்ளத்துத் தண்ணீர் கரையைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. கரை எங்கே உடையும் என்று தெரியாது. நாமே ஒரு பக்கம் வெட்டிவிட்டால்தான் தப்பலாம்.

"எந்தப் பக்கம்ணே?"

"அதான் கேக்க வந்தேன். கன்னிம்மா இப்பதான் வந்து சொல்லிட்டு போச்சு. ஏரிப் பக்கம் வெட்டாத, தெருப் பக்கம் வெட்டுன்னுது. தெருவுல தண்ணி முட்டிக்காலு நிக்கும், மீன நாமளே பொறுக்கிக்கலாம், ஏரிக்குள்ள இந்த மீனு போச்சுன்னா அப்பால ஏரில எதுவும் இருக்காதுன்னுது. நீ இன்னா சொல்ற? உங்க ஊர்ல இன்னா பண்ணுவாங்க?"

எங்கள் வீடு தெருவிலேயே தாழ்வான வீடு. தெருவுக்குத் தண்ணீர் வந்தால் முதலில் எங்கள் கூடத்துக்குள்தான் வரும். கூடத்தில் என் இரண்டு பெட்டிகளும் தரையில் திறந்து கிடந்தன. ரவியின் சொந்தக்காரர்களுக்கு எடுத்த பட்டுப் புடவைகள், மிளகாய்த் தூள், மாலினியின் துணிகள் எல்லாம் அதில். எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது அந்தப் பெட்டிகள்தான்.

"தெருவுல விட்டா ஊட்டுக்குள்ள வந்துடும்ணே," என்றேன். "ஏரிப் பக்கமே வெட்டு. நார்வேல எல்லாம் வலைதான். வெட்டுற எடத்துல வலைய கட்டிட்டா தண்ணி பூடும், மீனு நின்னுடும்."

அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. ஃபாரின் சொன்ன பிறகு என்ன பேச்சு. இரண்டு சவுக்குக் கம்பை நட்டு, நைலான் வலையை இழுத்துக் கட்டி, கரையை வெட்டினான். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் எல்லாம் நான் சொன்னபடியே நடந்தது. தண்ணீர் போனது, மீன் நின்றது. அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பிறகு, இத்தனை மாதமாகக் கொட்டிய கோழி இறகு எல்லாம் மிதந்து வந்து வலைக் கண்களில் அப்பிக்கொண்டது. வலை கதவு மாதிரி மூடிக்கொண்டது. தண்ணீர் பின்னால் ஏறியது. ஒரு கம்பு சாய்ந்தது. மற்றது அடியோடு பிடுங்கிக்கொண்டு போயிற்று.

அதற்கப்புறம் பார்த்ததை மறக்க முடியாது. கெளுத்திகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கால்வாயில் சறுக்கிக்கொண்டு போயின. கால்வாயில் இடம் கிடைக்காதவை புல் மேலேயே உடம்பை வளைத்து வளைத்து நடந்தன. நான் குடையைப் போட்டுவிட்டு இரண்டைப் பிடிக்கப் பார்த்தேன். ஒன்றின் முள் உள்ளங்கையில் குத்தியது. ஏழு வருட முள் அனுபவம் அங்கே உதவவில்லை. ஒரு மணி நேரத்தில் பள்ளத்தில் இறகு மட்டும் மிதந்தது. அண்ணன் சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

எங்கள் கூடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பட்டுப் புடவை நனையவே இல்லை.

5

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் கன்னியம்மா வீட்டுக்கு வந்தாள். மாலினிக்குக் கொடுக்க என்று இரண்டு விரால் கொண்டுவந்திருந்தாள். ஒன்றின் வால் பாதி இல்லை.

"கட்ச்சிகீது பாரு," என்றாள். "இன்னா மீனு இது, கலா. தவளய போட்டா அதுதான் வந்து கவ்வுது. முள்ள புடுங்க வெரல உட்டா வெரலயும் துன்னும் போல. எப்படி ஏரிக்கு வந்திச்சி இது?"

அண்ணன் அப்போது வீட்டில் இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மழை பண்ண வேலைக்கா," என்றேன்.

"மழையா," என்றாள். பிறகு, "சரி, மழைதான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த விராலை அண்ணி குழம்பு வைத்தாள். நான் இரண்டு முறை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன். இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் குழம்பு நன்றாக இருந்தது.

மற்றதெல்லாம் அண்ணனின் கடிதங்களில் வந்தது. முதல் வருடம் அண்ணனுக்குக் கொண்டாட்டம். ஏரி முழுக்கத் தன் பண்ணைதான் என்று வலை போட்டான். கோழிக் குடல் தின்று வளர்ந்த மீன் என்று குவார்ட்டர்ஸில் செய்தி பரவியதும் வாங்க ஆளில்லை. அடுத்த வருடம் விரால் குறைந்தது, உளுவை குறைந்தது, கெண்டை குறைந்தது. தவளைச் சத்தம்கூடக் குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தான். அந்த மீனை ஒழிக்கச் சொல்லி உத்தரவு வந்ததாக ஓர் அதிகாரி பள்ளத்தைப் பார்க்க வந்திருக்கிறார். பள்ளம் காலி. 'மீன் இல்லை' என்று எழுதிக்கொண்டார். ஏரியைக் காட்டினானாம் அண்ணன். ஏரிக்கு என்னிடம் காகிதம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அண்ணன் இப்போது ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கிறான்.

ஒரு கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது: "கன்னிம்மா தூண்டிலை விட்டுடுச்சு. முகப்பேர்ல ஃப்ளாட்டுங்கள்ல பாத்திரம் தேய்க்கப் போகுது. காலைல பஸ்ல பாக்கறேன்."

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத ஆரம்பித்து, குளிரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன்.

6

மாலினியின் கேள்விக்கு "இல்லை" என்று சொன்ன மறுநாள் மத்தியானம், அவள் அட்டையை விரித்துக் கூண்டுகளை வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிகளையும் சொன்னேன். மழை மேல் பழி போட்டதையும் சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்கள் குடை பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

"ஆமா."

"அந்த அன்ரிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப சொல்லுங்கோ."

பதினோரு வயதில் எல்லாம் இவ்வளவு நேராக இருக்கிறது. நேர வித்தியாசம், டெலிபோன் இல்லாத வீடு, மூன்று வருடம் ஆகிவிட்டது என்று நான் காரணங்களை அடுக்கினேன். ரவி செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "அண்ணர் வழக்கமா எடுக்கிற அந்த டெலிபோன் கடைக்கு எடும். சனிக்கிழமை அந்த அக்கா வீட்டில நிப்பா," என்றார். இரண்டு பேரும் முன்பே பேசிவைத்திருந்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

சனிக்கிழமை காலை இங்கே, அங்கே மத்தியானம். முந்தின நாளே கடைக்குச் சொல்லிவைத்திருந்ததால், அண்ணன் கன்னியம்மாவை எஸ்.டி.டி. கடைக்கு அழைத்து வந்திருந்தான். ரிசீவரை அவள் வாயிலிருந்து தூரமாகப் பிடித்திருக்க வேண்டும். குரல் கிணற்றிலிருந்து வந்தது.

"இன்னா கலா, நல்லா கீறியா? ஊட்ல எல்லாம் சவுக்கியமா?"

நான் சுற்றி வளைத்தேன். பஸ், மழை, அவள் மகன் என்று எதை எதையோ கேட்டேன். மாலினி எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு ஏரிப் பக்கம் கரைய வெட்டச் சொன்னது நான்தான். நீ தெருப் பக்கம் வெட்டச் சொன்னத அண்ணன் சொல்லிச்சு. நான்தான் வேணாம்னேன். ஊட்டுக்குள்ள தண்ணி வந்துடும்னு."

அந்தப் பக்கம் ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது.

"தெர்யும்," என்றாள்.

"தெரியுமா?"

"உங்கண்ணன் அன்னிக்கு சாய்ந்தரமே சொல்ட்டாரு. ஊர் பூரா தெர்யும். நீ சொல்றியான்னு பாக்கத்தான் ரெண்டு விரால எட்த்துகினு வந்தேன். நீ மழைன்னுட்ட. சரி, மழைன்னு நானும் பூட்டேன்."

மூன்று வருடமாக ஒரு பெரிய ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன் என்று நினைத்திருந்தேன். தூக்கினது நான் மட்டும்தான். மற்ற எல்லோரும் அதைத் தெருவில் வைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மாலினி என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினாள்.

"வணக்கம் அன்ரி. நான் மாலினி கதைக்கிறன்."

"இன்னா கதை, கண்ணு?"

"அம்மா செய்தது பிழை."

"ஆமா, பொழப்புதான். பொழப்புக்குத்தான் எல்லாம் பண்றாங்க. உங்க மாமா கூட அதுக்குத்தான் மீனு வளத்தாரு."

"இல்லை அன்ரி. பிழைப்பு இல்லை. பிழை." சொல் கிடைக்காமல் என்னைப் பார்த்தாள். நான் சொல்லிக் கொடுத்தேன். "தப்பு," என்றாள் அவள், டெலிபோனைப் பார்த்து.

கன்னியம்மா சிரித்த மாதிரிதான் இருந்தது. பிறகு சிரிப்பு இல்லை.

"ஆமா கண்ணு. தப்புதான்," என்றாள். "நீ இன்னா படிக்கிற?"

மாலினி அட்டையைப் பற்றிச் சொன்னாள். இந்த ஊர்க் கூண்டுகளோடு பட்டாபிராம் ஏரியையும் வரையப் போவதாகவும், ஆனால் அங்கே முன்பு என்ன இருந்தது என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னாள். பாதி கன்னியம்மாவுக்குப் புரியவில்லை. ஏரி என்ற சொல் மட்டும் புரிந்திருக்கிறது. அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

"விரால் குஞ்சு பாத்துகிறியா நீ? செக்கச் செவேல்னு இருக்கும். நூறு எரநூறு ஒண்ணா பந்து மாதிரி மேல வரும், உள்ள போவும். அப்பனும் ஆத்தாளும் அடில நின்னுகினே போவும், யாரும் கிட்ட வராம. அந்தச் செவப்பு தெரிஞ்சா நான் தூண்டில எட்த்துருவேன். குஞ்சோட கீற விரால நாங்க புடிக்கமாட்டோம். ஏரிக்கு நடுவுல அப்படியே செவப்பா நகரும், கண்ணு. எழுதிக்கினியா?"

மாலினிக்குச் சொற்கள் பிடிபடவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியமாக நார்வே மொழியில் சொன்னேன். பந்து மாதிரி என்றேன், அப்பனும் அம்மாவும் காவல் என்றேன். விரால் என்ற இடத்தில் எனக்குச் சொல் இல்லை. விரால் என்றே சொன்னேன். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டு, சிவப்புப் பென்சிலைத் தேடினாள்.